விலைச் சீட்டில் யூனிட்டையும் எழுதுங்கள்: வேலூர் வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் ஃபிரிட்ஜ், ஏ.சி., மின்விசிறி விற்கும் கடை உரிமையாளர்களுக்கும், கடைக்குள் நின்று வாடிக்கையாளரிடம் நேரில் பேசும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டப்பாளையம், கொசப்பேட்டை, சத்துவாச்சாரி, விருதம்பட்டு என்று இந்த ஊரின் தெருக்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாக ஏறி இறங்கி, மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதிய கை இது. அட்டையை நீட்டும்போது நான் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “இன்னா சார், போன தடவை எண்ணூறு, இந்தத் தடவை ரெண்டாயிரத்து நானூறு வந்துகீது, மீட்டரு ஓடுதா பறக்குதா?” மீட்டரில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் சுவரில் புதிதாக ஒரு ஏ.சி. இருக்கும், அல்லது சமையலறை மூலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும். அந்த வீட்டின் கரண்ட் பில் நான் ரீடிங் எடுத்த அன்று முடிவானதில்லை, உங்கள் கடையில் அந்தப் பொருளுக்குப் பணம் கட்டிய அன்றே முடிவாகிவிட்டது. இந்தக் கடிதத்தை மின்வாரியத்துக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் அதுதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு மின்சாரம் ஆகும் என்பதை வாங்குபவர் முன்கூட்டியே அறிய வேண்டும் என்று அரசு ஏற்பாடு செய்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன்படி 2002-ல் பி.இ.இ. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2006-ல் நட்சத்திரக் குறியீட்டுத் திட்டம் தொடங்கியது. 2010 முதல் ஏ.சி.க்கும், பனி உறையாத வகை ஃபிரிட்ஜுக்கும் லேபிள் கட்டாயமானது. 2023 ஜனவரி 1 முதல் சாதாரண கூரை மின்விசிறிக்கும் கட்டாயமாகிவிட்டது. ஆக, உங்கள் கடையில் அதிகம் விற்கும் பொருள்கள் எல்லாவற்றிலும் அந்தச் சீட்டு ஒட்டியே வருகிறது. ஃபிரிட்ஜ், ஏ.சி. லேபிள்களில் நட்சத்திர வரிசைக்குக் கீழே, சின்ன எழுத்தில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண் அச்சாகியிருக்கும். அந்தச் சீட்டில் குடும்பத் தலைவிக்கு உண்மையிலேயே பயன்படுவது அந்த எண்தான். கடைக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாததும் அதே எண்தான்.

நட்சத்திரம் என்பது அந்தந்த வகைக்குள், அந்தந்த அளவுக்குள் போடப்படும் மதிப்பெண். ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையையும் பத்தாம் வகுப்பில் மூன்றாவதாக வந்த பிள்ளையையும் மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. அதைப் போலவே, 400 லிட்டர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், மூன்று நட்சத்திரம் வாங்கிய 180 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜைவிட அதிக மின்சாரம் எடுக்கலாம். கணவன், மனைவி, ஒரு குழந்தை மட்டும் உள்ள வீட்டுக்குப் பெரிய பெட்டியைக் காட்டி, “ஃபைவ் ஸ்டார், கரண்ட் பில்லே வராது” என்று சொல்வது நேர்மையான வியாபாரம் ஆகாது. இரண்டு பெட்டிகளின் ஆண்டு யூனிட் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டால், எது வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். 2023 ஏப்ரலில், கத்திரி தொடங்குவதற்கு முன்பாக, மேற்குச் சுவரில் பகல் முழுவதும் வெயில் விழும் எங்கள் மாடி அறைக்கு ஏ.சி. வாங்கப் போனேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்த தம்பி மரியாதையாகவே பேசினார். “ஃபைவ் ஸ்டார் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க” என்றார். லேபிளின் கீழ்ப்பாதியை மறைத்து, கோடைச் சலுகை என்ற மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. ஆயுள் முழுவதும் ரீடிங் எடுத்தவன் நான். அந்த ஸ்டிக்கரைத் தூக்கிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. மூன்று வாரம் கழித்து என் மருமகள் ஈரத்துணியால் துடைத்தபோது ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் இருந்த செல்லுபடிக் காலம், எவ்வளவு திறனுக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்லும் அட்டவணையில் பழையதற்கு உரியது. ஐ.எஸ்.ஈ.ஈ.ஆர். என்ற திறன் எண் 4.6 என்று அச்சாகியிருந்தது. 2022 ஜூலை 1-ல் அட்டவணை மாறியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் ஸ்பிளிட் ஏ.சி. ஐந்து நட்சத்திரம் வாங்க 4.5 போதுமாக இருந்தது, அதற்குப் பின் 5.0 தேவைப்பட்டது. நான் ஐந்து நட்சத்திர விலை கொடுத்து வாங்கியது, நான் வாங்கிய நாளின் கணக்குப்படி நான்கு நட்சத்திரப் பெட்டி.

பழைய சரக்கை விற்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. கிடங்கில் இருப்பதை விற்றுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. “இது பழைய அட்டவணைச் சரக்கு, புதுக் கணக்கில் நாலு ஸ்டார்தான், அதனால் விலையில் இவ்வளவு குறைத்துத் தருகிறோம்” என்று சொல்லியிருந்தால், அதையே மனநிறைவோடு வாங்கி வந்திருப்பேன். சொல்லாமல் மறைத்ததைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. லேபிளின் மேல் எந்த ஸ்டிக்கரையும் ஒட்டாதீர்கள். சலுகைச் சீட்டு ஒட்ட அந்தப் பெட்டியில் வேறு இடமா இல்லை?

ஏ.சி. லேபிளில் உள்ள ஆண்டு யூனிட், 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. வெயிலூர் என்று மற்றவர்கள் நம்மைக் கேலி செய்யும் இந்த ஊரில், மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய 200 இரவு, இரவுக்கு 8 மணி நேரம் என்று ஓட்டும் வீட்டுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஒன்றரை டன் ஏ.சி.க்களில், ஒரு மூன்று நட்சத்திரப் பெட்டியில் 980 என்றும், ஓர் ஐந்து நட்சத்திரப் பெட்டியில் 750 என்றும் எழுதியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். வித்தியாசம் 230 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1840 ரூபாய். இரண்டுக்கும் விலையில் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை வேறுபாடு சொன்னார்கள். ஐந்தரை ஆண்டுக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் மிச்சம். ஆனால் கத்திரியிலும் அதற்கு முன்னும் பின்னுமாக அறுபது இரவுகள், இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் போடுகிற வீடும் இருக்கிறது. அது மொத்தமே 360 மணி நேரம். அந்த வீட்டுக்கு வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 52 யூனிட்டுதான், ரூபாயில் 400 சொச்சம். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்புவதற்குள் ஏ.சி.யே மாறிவிடும். அவர்களிடம் மூன்று நட்சத்திரமே போதும் என்று சொல்ல உங்களுக்கு மனம் வர வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பெட்டியைக் காட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆண்டில் எத்தனை மாதம்? டாக்டர் நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை.

மணி நேரம் என்று வந்த பிறகு மின்விசிறியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏ.சி.க்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நாம் மின்விசிறிக்குக் கொடுப்பதில்லை. நம் பக்கத்தில் அது பொங்கல் முடிந்து சில வாரங்களில் சுழலத் தொடங்கினால் கார்த்திகை வரை நிற்பதில்லை. பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கிறது, பி.எல்.டி.சி. என்று பெட்டியில் எழுதியிருக்கும் புது மோட்டார் வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்யும்போது, ஓடி நின்ற பழைய மின்விசிறியின் நடுக்கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கை சுடும். அந்தச் சூடு காற்றாக மாறாமல் வீணான மின்சாரம். பி.எல்.டி.சி.யில் சுழலும் பாகத்தில் நிலைக்காந்தம் இருக்கிறது, உள்ளே இருக்கும் ஒரு மின்னணுப் பலகை மின்சாரத்தைத் தேவைக்கு ஏற்பச் சுருள்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறது, அதனால் சூடு குறைவு.

ஒரு வீட்டுக் கணக்கைப் போடுவோம். மூன்று மின்விசிறி, நாளுக்கு 15 மணி நேரம். பழைய வகையில் ஒன்றுக்கு இரண்டு மாதத்தில் 67.5 யூனிட், பி.எல்.டி.சி.யில் 27 யூனிட். மூன்றுக்கும் சேர்த்து மிச்சம் 121 யூனிட். இது வெறும் 121 யூனிட்டாக நின்றுவிடுவதில்லை. நம் மாநிலத்தில் இரண்டு மாத அளவு 500 யூனிட்டைத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டின் விலை ஏறுவது மட்டுமன்றி, 101 முதல் 200 வரை கிடைத்த குறைந்த விலையும் கைவிட்டுப் போகிறது. 2022 செப்டம்பர் மின்கட்டண அட்டவணைப்படி, 560 யூனிட் ஓடிய வீட்டுக்கு 2430 ரூபாய். அதே வீடு 121 யூனிட்டைக் குறைத்து 439-க்கு வந்தால் 1359 ரூபாய். ஒரே பில்லில் ஆயிரத்து எழுபத்தொன்று குறைகிறது. அதற்குப் பிறகு விலை சற்று ஏறியிருப்பதால் இன்றைய வேறுபாடு இதைவிடக் குறைய வாய்ப்பில்லை. “ஐநூறைத் தாண்டிட்டீங்கம்மா” என்று நான் எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன், அவர்களின் முகம் சுருங்குவதை எத்தனை முறை பார்த்திருப்பேன்! உங்களிடம் மின்விசிறி வாங்க வருகிறவரின் கடைசி பில்லைக் கேட்டுப் பாருங்கள். 500-க்குச் சற்று மேலே நிற்கும் குடும்பம் என்றால், அவர்களுக்கு நீங்கள் விற்கக்கூடிய மிகச் சிறந்த பொருள் மூன்று மின்விசிறிகள்தான்.

பி.எல்.டி.சி.யின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய மின்விசிறி எரிந்துபோனால் தெருக்கோடியில் இருக்கும் வைண்டிங் கடையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். பி.எல்.டி.சி.யில் பலகை போனால் அந்தக் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது, பலகையைத்தான் மாற்ற வேண்டும். சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரோடு அதை இணைத்து ஓட்டவும் கூடாது. பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ரிமோட் ஒரு தொல்லை என்பதும் உண்மை. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பலகை எங்கே கிடைக்கும் என்பதை பில்லின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். மற்றபடி, மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் அது வேகம் குறையாமல் சுற்றும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியில் இரு மடங்குக்கு மேல் நேரம் ஓடும். இதையெல்லாம் சொன்னால் யாரும் விலைக்குத் தயங்க மாட்டார்கள்.

இனி எனக்கு மிகவும் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் எக்ஸ்சேஞ்சில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் பழைய ஃபிரிட்ஜ் எங்கே போகிறது? வேலையில் இருந்த கடைசி வருடங்களில், கொசப்பேட்டையில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, பில் தாங்கவில்லை என்று அழாத குறையாக என்னை உள்ளே கூப்பிட்டார். ஓட்டு வீடு, இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி. பக்கத்தில் யாரோ மாற்றிப் போட்டதைக் குறைந்த விலைக்கு வாங்கிய பெரிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு மீட்டருக்கு முன்னால் நின்றேன். மீட்டரில் 3200 துடிப்புக்கு ஒரு யூனிட் என்று அச்சாகியிருந்தது. அந்தச் சிவப்பு விளக்கு நிமிடத்துக்குப் பத்து முறை மின்னியது. மணிக்கு 600 துடிப்பு, அதாவது 187 வாட். கால் மணி நேரம் காத்திருந்தும் கம்ப்ரசர் ஒருமுறைகூட ஓயவில்லை. கதவின் ரப்பர் விளிம்பு ஒரு பக்கம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து ரூபாய்த் தாளை இடையில் வைத்துக் கதவை மூடினேன், இழுக்காமலே நழுவி விழுந்தது. நாளைக்கு நாலரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 270 யூனிட். புதிய சிறிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒரு முழு ஆண்டில் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். வசதி உள்ளவர் வீட்டிலிருந்து வெளியேறிய வீண்செலவை, கொஞ்சமும் வசதி இல்லாதவர் காசு கொடுத்து வாங்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் ஃபிரிட்ஜும் அடங்கும். ரப்பர் போன, கம்ப்ரசர் ஓயாத பெட்டியை மறுபடி விற்பனைக்கு அனுப்பாமல், முறையாகப் பிரித்தெடுக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். நல்ல நிலையில் உள்ளதை விற்பதானால், விற்கும் முன் ரப்பரை மாற்றி, ஒரு நாள் ஓட்டி, எத்தனை யூனிட் ஆனது என்று அதன் கதவிலேயே எழுதி வையுங்கள். உங்கள் கடையிலும் அதே மீட்டர்தான் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும், காட்பாடியில் மாணவர்கள் தங்கும் பகுதிகளிலும் பல வீடுகளில் சப் மீட்டர்தான். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்குவார். முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் அங்கே பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் முதல் யூனிட்டிலிருந்தே காசு. ஆனால் “வாடகை வீடுதானே, மலிவானதைப் பார்க்கலாம்” என்று அவர்களுக்குத்தான் அதிக மின்சாரம் தின்னும் பொருளைக் காட்டுகிறோம். கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய மின்விசிறியும் சிறிய ஃபிரிட்ஜும் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர்களோடு வரும்.

கீசரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊரில் மார்கழி, தை தாண்டினால் தொட்டித் தண்ணீரே சுடுகிறது, சிறியதாக வாங்கச் சொன்னால் போதும். கிரைண்டரும் மிக்சியும் வாட் அதிகம் என்று பயப்படுகிறவர்களுக்கு, அரை மணி நேரம் ஓடுவதால் பில் ஏறாது என்று எடுத்துச் சொல்லுங்கள். டியூப் லைட்டை எல்.இ.டி.க்கு மாற்றாத வீடு இப்போது குறைவு.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பொருளின் விலைச் சீட்டிலும், விலைக்குச் சமமான பெரிய எழுத்தில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். மின்விசிறியில் ஆண்டு யூனிட்டுக்குப் பதில் வாட் எழுதினால் போதும். பக்கத்தில் லேபிளின் செல்லுபடிக் காலம் எந்த மாதம் முடிகிறது என்று எழுதுங்கள். சந்தேகப்படும் வாடிக்கையாளருக்கு பி.இ.இ.யின் ஸ்டார் லேபிள் செயலியில் அந்த மாடலைத் தேடிக் காட்டுங்கள், அது இலவசம். ஏ.சி. பொருத்தும் பையனிடம், 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று பி.இ.இ.யே சொல்கிறது. பொருத்திய அன்றே 18-ல் வைத்துக் காட்டிவிட்டு வந்தால் அந்த வீடு ஆண்டு முழுக்க 18-லேயே ஓட்டும்.

யூனிட் எண்ணைப் பார்த்தால் வாடிக்கையாளர் குழம்பிவிடுவார், வியாபாரம் தள்ளிப்போகும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த ஊர்ப் பெண்களுக்கு யூனிட் தெரியும். ரீடிங் எடுக்கப் போனால் நான் கணக்குப் போடும் முன்பே, “நானூத்தி எண்பதா சார், ஐநூறு தாண்டலையே?” என்று கேட்டவர்கள் அவர்கள். லிட்டரும் டன்னும் அவர்களுக்குப் புரிவதைவிட யூனிட் நன்றாகப் புரியும்.

ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முன், எந்தக் கடை கூப்பிட்டாலும் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு வருகிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு டீ போதும். உங்கள் ஊழியர்களை மீட்டருக்கு முன்னால் நிறுத்தி, துடிப்பை எண்ணி வாட் கண்டுபிடிக்கவும், லேபிளைப் படித்து ரூபாயாக மாற்றிச் சொல்லவும் கற்றுத் தருகிறேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, கடையில் உள்ள விலைச் சீட்டுகளில் யூனிட் எழுதவும் கூடவே உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.